பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு, அடுத்து என்ன? ஏழு நாடு, ஏழு நாவல்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, வாசிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம்.)

இந்த வாரம் புத்தகப் பரிந்துரை எபிசோட். நம்ம இன்பாக்ஸுக்கு அதிகமா வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் படிச்சு முடிச்சாச்சு. படமும் பார்த்தாச்சு. இதே மாதிரி அடுத்து என்ன படிக்கலாம்?"

இதே மாதிரின்னு கேட்டா உடனே சிவகாமியின் சபதம், கடல் புறான்னு சொல்லிடலாம். அந்த லிஸ்ட் உங்க வீட்டுல யாரைக் கேட்டாலும் கிடைக்கும். அதனால இன்னைக்கு வேற வேற ஊர், வேற வேற காலம்னு போகப்போறோம். லண்டன், ஒசாகா, நைஜீரியா, மொரீஷியஸ் போற ஒரு கப்பல், நடுவுல புதுச்சேரி, மேடான். ஆனா புத்தகப் பேர் மட்டும் அடுக்கிட்டுப் போறதுல பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே கேள்வியைக் கேட்போம்: ஆவணம் எங்க நிக்குது, எழுத்தாளரோட கற்பனை எங்க ஆரம்பிக்குது?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்னு பொன்னியின் செல்வனை வைச்சே சொல்லிடறேன்.

ஆதித்த கரிகாலனை யார் கொன்னாங்க?

படம் வந்த சமயத்துல குடும்ப வாட்ஸாப் குரூப் எல்லாத்துலயும் இந்தச் சண்டை நடந்துச்சு. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜராஜன் ஆட்சியோட ஆரம்ப வருஷத்துல வெட்டினது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு ரவிதாசன் உட்பட சிலரோட பேர் அதுல வருது. ஆனா அந்தக் கல்வெட்டு கொலையைப் பத்தின விசாரணை அறிக்கை கிடையாது, நிலம் சம்பந்தப்பட்ட ஆவணம். ஏன் கொன்னாங்க, பின்னாடி யார் இருந்தாங்கன்னு அதுல ஒரு வரியும் இல்லை.

அந்த "ஏன்"ங்கிற காலி இடத்துலதான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1950-லிருந்து 1954 வரைக்கும் வாராவாரம் தொடர்கதையா எழுதும்போது அவருக்கு அந்த இடம் தேவைப்பட்டுச்சு. நந்தினி கற்பனை. ஆழ்வார்க்கடியான் கற்பனை. குந்தவை நிஜம். வந்தியத்தேவன் பேர் குந்தவையோட கணவர்னு கல்வெட்டுல வருது. ஆனா வீரநாராயண ஏரிக்கரையில குதிரையில வர்ற அந்தக் குறும்புக்காரப் பையன் முழுக்க முழுக்க கல்கி செஞ்சது.

பிரச்சினை என்னன்னா, நாவல் நல்லா இருக்க இருக்க, காலி இடம் காலியா இருந்ததே நமக்கு மறந்துபோயிடுது. நந்தினி செஞ்சதை வரலாறுன்னு நினைச்சு சண்டை போடறோம். அதுக்காக நாவலைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கல்வெட்டு நிலத்தைப் பத்திப் பேசுது, வரியைப் பத்திப் பேசுது. அந்த நிலத்துல வேலை செஞ்சவங்க ராத்திரி என்ன பேசிக்கிட்டாங்கன்னு அதுல இருக்காது. அதைச் சொல்ல நாவல்தான் வேணும்.

சரி, லிஸ்ட்டுக்குப் போவோம்.

1. வுல்ஃப் ஹால்: இங்கிலாந்து, 1500-கள்

ஹிலரி மான்டெல் எழுதினது, 2009. புக்கர் பரிசு வாங்குச்சு. இதோட இரண்டாம் பாகம் பிரிங் அப் த பாடீஸும் 2012-ல புக்கர் வாங்குச்சு. மூணாவது பாகம் 2020-ல வந்தது.

எட்டாம் ஹென்றி ராஜா, ஆறு கல்யாணம், மனைவிகளோட தலை போச்சு. இந்தக் கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். மான்டெல் கதையை ராஜா பக்கமிருந்து சொல்லலை. தாமஸ் க்ராம்வெல்னு ஒரு ஆள் வழியா சொல்றாங்க. பட்னிங்கிற இடத்துல ஒரு கொல்லரோட மகன். அப்பா அடிக்கிற அடியில ஊரை விட்டே ஓடறான். ஐரோப்பாவுல சிப்பாய், துணி வியாபாரம்னு சுத்திட்டு வந்து, வக்கீலாகி, கடைசியில ராஜாவுக்கு வலது கை ஆகிடறான். பிறப்பை வைச்சே எல்லாம் தீர்மானமாகிற ஒரு அரசவையில இப்படி ஒருத்தன் மேல வந்தா சுத்தி இருக்கிற பிரபுக்கள் எப்படிப் பார்ப்பாங்கன்னு நமக்கு விளக்க வேண்டியதில்லை.

க்ராம்வெல் 1529-ல எழுதின உயில் இன்னும் இருக்கு. அதுல மகள்கள் ஆன், கிரேஸ் ரெண்டு பேருக்கும் எழுதி வைச்ச பகுதி பின்னாடி அடிக்கப்பட்டிருக்கு. ரெண்டு பேரும் இறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஆவணம் அவ்வளவுதான், அடிச்ச ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட்டப்ப அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்ங்கிறதை மான்டெல் எழுதியிருக்காங்க. ரொம்பக் காலமா நாடகத்துலயும் சினிமாவுலயும் வில்லனா மட்டுமே வந்த ஆளை ஒரு மனுஷனா பார்க்க வைக்குது.

ஒரு எச்சரிக்கை. முதல் ஐம்பது பக்கம் தலை சுத்தும். பாதிப் பேருக்கு தாமஸ்னு பேர். கதை நிகழ்காலத்துல ஓடும். "அவன்"னு மொட்டையா வந்தா பெரும்பாலும் அது க்ராம்வெல்தான். இதை ஞாபகம் வைச்சுக்கோங்க. புத்தகத்தோட ஆரம்பத்துலயே கதாபாத்திரப் பட்டியல் இருக்கு. அந்தப் பக்கத்துல ஒரு புக்மார்க் வைச்சிடுங்க.

2. வானம் வசப்படும்: புதுச்சேரி, 1740-கள்

பிரபஞ்சன் எழுதினது. மானுடம் வெல்லும் முதல்ல படிச்சுட்டு இதுக்கு வாங்க. வானம் வசப்படும் நாவலுக்கு 1995-ல சாகித்ய அகாடமி விருது கிடைச்சது.

வீக்கெண்டுக்கு பாண்டி போறவங்க, வெள்ளை நகரத்துல மஞ்சள் சுவர் முன்னாடி போட்டோ எடுக்கிறவங்க எல்லாரும் படிக்க வேண்டிய ரெண்டு புத்தகம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸோட துபாஷியா இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷின்னா மொழிபெயர்ப்பாளர் மட்டும் இல்லை, வியாபாரத் தரகர், அரசியல் ஆலோசகர் எல்லாம் அவர்தான். 1736-லிருந்து 1761-ல சாகிறதுக்கு முன்னாடி வரைக்கும், இருபத்தஞ்சு வருஷம் தமிழ்ல டைரி எழுதினார். எந்தக் கப்பல் வந்துச்சு, துணி என்ன விலை, கவர்னர் மனைவி என்ன சொன்னாங்க, யாரைச் சாட்டையால அடிச்சாங்க எல்லாம் அதுல இருக்கு.

அப்போ பிரபஞ்சனுக்கு இங்க ஆவணத்துக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் வேற. டைரி ஒரு பணக்கார, செல்வாக்கான ஆளோட கண்ணுல பார்த்தது. அவர் பார்வைக்கு முக்கியமாப் படாதவங்க அதுல ஒரு வரியில வந்துட்டுப் போயிடுவாங்க. பிரபஞ்சன் அந்த ஒரு வரிக்காரங்களை நிறுத்தி வைச்சுப் பேச விடறார். கோயில் தாசிகள், அடிமையா விற்கப்பட்டவங்க, சாதாரண சிப்பாய்கள். மாளிகையைப் பத்தின நாவல் மாதிரி ஆரம்பிச்சு, தெருவைப் பத்தின நாவலா மாறிடும்.

3. பிலவ்ட்: அமெரிக்கா, 1873

டோனி மாரிசன், 1987. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு. 1993-ல அவங்களுக்கு நோபல்.

மாரிசன் ஒரு பதிப்பகத்துல எடிட்டரா வேலை பார்த்தவங்க. கறுப்பின மக்களோட வரலாற்றைப் பத்தின ஒரு தொகுப்பு நூலுக்காக வேலை செய்யும்போது ஒரு பழைய பத்திரிகைத் துண்டு கண்ணுல பட்டுச்சு. 1856-ல மார்கரெட் கார்னர்ங்கிற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து, உறைஞ்சு கிடந்த ஒஹையோ ஆற்றைக் குடும்பத்தோட தாண்டி சின்சினாட்டிக்குத் தப்பி ஓடறாங்க. பிடிக்க ஆள் வந்துடுது. திரும்ப அடிமையாப் போக விடமாட்டேன்னு தன்னோட சின்ன மகளைத் தானே கொன்னுடறாங்க.

அப்புறம் நடந்த வழக்குதான் யோசிக்க வைக்கிறது. கொலை வழக்குன்னு நடத்தினா அவங்க ஒரு மனுஷி, செஞ்சதுக்குப் பொறுப்பு உண்டுன்னு சட்டம் ஒத்துக்கணும். தப்பி ஓடிய அடிமைச் சட்டத்தின்படி நடத்தினா அவங்க ஒரு சொத்து, முதலாளிகிட்ட திருப்பிக் கொடுக்கணும். கடைசியில சொத்துன்னுதான் திருப்பி அனுப்பினாங்க. ஒருத்தரைக் கொலைகாரின்னு சொல்றதுகூட அவங்களை மனுஷியா மதிக்கிறதா ஆகிடும்ங்கிற நிலைமை.

மாரிசன் இந்த வழக்கை அப்படியே எழுதலை. செத்துப்போன அந்தக் குழந்தை வருஷங்கள் கழிச்சுத் திரும்பி வந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. அதனால பிலவ்ட் ஒரு பேய்க்கதையும்தான். லேசான வாசிப்பு இல்லை. வன்முறை, பாலியல் கொடுமை எல்லாம் வருது, மனசு சரியில்லாத வாரத்துல எடுக்காதீங்க. ஆனா இந்த லிஸ்ட்டுல ஒண்ணே ஒண்ணுதான் படிக்க முடியும்னு சொன்னா, என் ஓட்டு இதுக்குத்தான்.

4. சிதைவுகள்: இக்போ நாடு, 1800-களின் கடைசி

சினுவா ஆச்சிபியோட திங்ஸ் ஃபால் அப்பார்ட், 1958. இதை என்.கே. மகாலிங்கம் தமிழ்ல சிதைவுகள்னு கொண்டுவந்திருக்கார். ஆங்கிலத்துலயும் ரொம்ப எளிமையான நடை, இருநூறு பக்கச் சொச்சம்தான். வரலாற்று நாவல் இதுவரை படிச்சதே இல்லைன்னா இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

இன்னைக்கு நைஜீரியான்னு சொல்ற இடத்துல ஒரு ஊர், உமுவோஃபியா. அங்க ஒகொன்க்வோனு ஒரு மல்யுத்த வீரன், நல்ல விவசாயி, முரட்டுக் கோபக்காரன். முதல் பாதியில வெள்ளைக்காரங்களே கிடையாது. வள்ளிக்கிழங்கு விதைப்பு, கல்யாணப் பேச்சு, வழக்கு, திருவிழான்னு ஒரு முழு ஊர் உங்க கண் முன்னாடி உருவாகும். அந்த ஊருக்குள்ள இருக்கிற கொடுமைகளையும் ஆச்சிபி மறைக்கலை. அதுக்கப்புறம்தான் மிஷனரிகளும் நிர்வாகமும் வராங்க.

ஆச்சிபிக்கு இதை எழுத ஒரு காரணம் இருந்துச்சு. காலேஜ்ல அவர் படிச்ச ஆப்பிரிக்காவைப் பத்தின ஆங்கில நாவல்கள் எல்லாம் வெளியாட்கள் எழுதினது. ஜாய்ஸ் கேரியோட மிஸ்டர் ஜான்சன் அதுல ஒண்ணு. அதுல வர்ற நைஜீரியர்கள் தனக்குத் தெரிஞ்ச யார் மாதிரியும் இல்லைன்னு அவருக்குத் தோணுச்சு. அப்போ இங்க காலி இடம் ஆவணம் இல்லாததால வந்தது இல்லை. ஆவணம் நிறைய இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதினது ஒரே தரப்பு. நாவலோட கடைசிப் பத்தி இதைப் பத்தித்தான் பேசுது. அதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர்.

ஒரு சின்னத் தகவல். இந்த நாவலோட கையெழுத்துப் பிரதி அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. டைப் பண்றதுக்காக அதை லண்டன்ல ஒரு ஏஜென்சிக்குத் தபால்ல அனுப்பி, பணமும் கட்டினார். மாசக்கணக்கா பதிலே இல்லை. கூட வேலை பார்த்த ஒருத்தர் லண்டன் போனப்ப நேர்ல போய்ச் சண்டை போட்டதுக்கு அப்புறம்தான் டைப் ஆகி வந்துச்சு. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன புத்தகம், ஒரு மூலையில தூசி படிஞ்சு கிடந்தே காணாமப் போயிருக்கலாம்.

5. சீ ஆஃப் பாப்பீஸ்: காசிப்பூர், கல்கத்தா, கடல், 1838

அமிதவ் கோஷ், 2008. ஐபிஸ்ங்கிற கப்பலை மையமா வைச்ச மூணு நாவல்ல முதல் நாவல். ஓபியத்தைப் பத்தின கதை. பிரிட்டிஷ் கம்பெனி பீகார் பக்கத்து விவசாயிகளை கசகசாச் செடி போட வைச்சு, காசிப்பூர் தொழிற்சாலையில ஓபியமாக்கி, அது கடைசியில சீனாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. சோறு விளைஞ்ச நிலத்துல போதை விளைஞ்சா அந்த ஊர்க்காரங்க என்ன சாப்பிடுவாங்க? நாவலோட நாயகி தீத்தி அந்த ஊர்க்காரி. அவ புருஷன் அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளி, தானே ஓபியத்துக்கு அடிமை.

இன்னொரு பக்கம், பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டுச்சு. ஒப்பந்தத்துல கைநாட்டு வாங்கி இந்தியாவிலிருந்து ஆளை ஏத்தினாங்க. அக்ரிமென்ட்ங்கிற சொல் வாயில மாறி "கிர்மிட்" ஆச்சு, போனவங்க கிர்மிட்டியா ஆனாங்க. 1834 நவம்பர்ல அட்லஸ்ங்கிற கப்பல் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்ததுலதான் இது தொடங்குச்சு. இப்படிப் போனவங்கள்ல தமிழ்நாட்டுக்காரங்களும் நிறைய. மொரீஷியஸ் ரூபாய் நோட்டுல இன்னைக்கும் தமிழ் எழுத்து இருக்கு, கூகுள்ல தேடிப் பாருங்க.

கப்பல் ஆவணத்துல ஒரு ஆளுக்குக் கிடைக்கிற இடம் ஒரு வரி. பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஊர். அந்தப் பேரையும் எழுதின குமாஸ்தா காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதினது. ஏறும்போதே வேற சாதி, வேற பேர் சொல்லிக்கிட்டவங்க உண்டு. ஐபிஸ் கப்பல்லயும் இது நடக்குது. ஊர்ல ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடாதவங்க எல்லாரும் இனிமே "ஜஹாஜ்-பாய்", கப்பல் சகோதரர்கள்.

ஆங்கிலம், போஜ்புரி, மாலுமிகளோட கலப்பு மொழி எல்லாம் கலந்து வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தா பத்தாவது பக்கத்துலயே விட்டுடுவீங்க. சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே போங்க, அர்த்தம் தானா வந்துடும்.

6. பச்சிங்கோ: கொரியா, ஜப்பான், 1910 முதல் 1989 வரை

மின் ஜின் லீ, 2017. கே-டிராமா ரசிகர்களுக்காகவே சேர்த்தது. சீரியஸாவும் வந்திருக்கு, ஆனா நாவல் கதையை நேர்க்கோட்டுல சொல்லும், அதுதான் படிக்கச் சுகம்.

1910-ல ஜப்பான் கொரியாவை இணைச்சுக்கிட்டது. புசான் பக்கத்துத் தீவுல போர்டிங் ஹவுஸ் நடத்தற குடும்பத்துப் பெண் சுன்ஜா. கல்யாணம் ஆகாமலே கர்ப்பம் ஆகி, வழியில வந்த ஒரு பாதிரியாரைக் கட்டிக்கிட்டு ஒசாகா போறா. அங்க கொரியர்களுக்கு யாரும் வீடு கொடுக்க மாட்டாங்க. சுன்ஜா மார்க்கெட்ல கிம்ச்சி வித்துக் குடும்பத்தைக் காப்பாத்தறா. அங்கிருந்து நாலு தலைமுறை.

இதுல தெரிஞ்சுக்க வேண்டிய சட்ட விஷயம் ஒண்ணு. காலனி காலத்துல ஜப்பான்ல இருந்த கொரியர்கள் ஜப்பானியப் பேரரசின் குடிமக்கள். 1952-ல அந்தக் குடியுரிமை போயிடுச்சு. அதுக்கப்புறம் அங்கேயே பிறந்து, ஜப்பானிய மொழி மட்டுமே பேசற பிள்ளைங்ககூட வெளிநாட்டவர். நாவல்ல ஒரு பையன் பதினாலாவது பிறந்தநாளுக்குப் பார்ட்டி கொண்டாடறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல போய்க் கைரேகை வைச்சு வெளிநாட்டவர் அட்டை வாங்கணும். பேரன் காலத்துலயும் அந்தக் குடும்பம் விருந்தாளி கணக்குலதான்.

லீ இதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சது 1989-ல. ஒரு வடிவம் எழுதி முடிச்சிட்டு, 2007-ல டோக்கியோ போய், ஜப்பான் வாழ் கொரியர்கள் பலரை நேர்ல பேட்டி எடுத்தாங்க. தான் நினைச்சது வேற, அவங்க வாழ்க்கை வேறன்னு தெரிஞ்சு மறுபடி முதல்லேருந்து எழுதினாங்க. ஆவணம் இல்லாத இடத்துல கற்பனைக்கு முன்னாடி இன்னொரு வழி இருக்கு: போய்க் கேட்கிறது.

7. புயலிலே ஒரு தோணி: மேடான், பினாங்கு, இரண்டாம் உலகப் போர்

ப. சிங்காரம். 1972-ல புத்தகமா வந்தது. சிங்காரம் 1938-ல இந்தோனேசியாவுல மேடானுக்கு வேலைக்குப் போனவர். ஜப்பான் ராணுவம் உள்ள வந்ததை அங்க இருந்து பார்த்தவர். போர் முடிஞ்சு திரும்பி வந்து மதுரையில பத்திரிகை ஆபீஸ்ல வேலை பார்த்தார். எழுதின நாவல் ரெண்டே ரெண்டு, இன்னொண்ணு கடலுக்கு அப்பால்.

இங்க ஆவணமும் கற்பனையும் ஒரே ஆள். லேவாதேவிக் கடைக்கு வேலைக்குப் போன செட்டிநாட்டு, மதுரைப் பக்கத்துப் பையன்கள், பாண்டியன்னு ஒருத்தன், தோணிப் பயணம், ஐ.என்.ஏ., உளவு, மலாய்ச் சொல்லும் சங்கத் தமிழும் ஒண்ணாக் கலந்த பேச்சு. உலகப் போர்னா நமக்கு ஞாபகம் வர்றது ஹிட்லரும் நார்மண்டியும்தான். அதே போர் நம்ம ஊர் ஆட்களோட வீட்டு வாசல் வரைக்கும் வந்ததைத் தமிழ்ல சொன்ன பெரிய நாவல் இது.

எப்படிப் படிக்கலாம்?

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னா, சின்னதா வேணும்னா சிதைவுகள். விறுவிறுப்பு வேணும்னா சீ ஆஃப் பாப்பீஸ். குடும்பக் கதை பிடிக்கும்னா பச்சிங்கோ. வுல்ஃப் ஹாலை ரெண்டு மூணு நாவல் படிச்ச பிறகு எடுங்க.

ரெண்டாவது, படிக்கும்போது விக்கிப்பீடியாவைத் திறக்காதீங்க. அது கதையோட முடிவைச் சொல்லிடும். படிச்சு முடிச்ச அப்புறம் திறங்க. ஆசிரியர் குறிப்பு இருந்தா அதைக் கட்டாயம் படிங்க, எதை மாத்தினேன்னு நிறைய எழுத்தாளர்கள் அதுல அவங்களே சொல்லிடுவாங்க.

மூணாவது, முடிச்சதும் ஒரு பேப்பர்ல ரெண்டு கட்டம் போடுங்க. ஒரு பக்கம் நிஜமா இருந்த ஆட்கள், இன்னொரு பக்கம் கற்பனை ஆட்கள். இதுல ஒரு விஷயம் கவனிப்பீங்க. நிஜப் பக்கத்துல பெரும்பாலும் ராஜா, கவர்னர், அமைச்சர். கற்பனைப் பக்கத்துல தீத்தி, சுன்ஜா, ஒகொன்க்வோ. ஏன் இப்படின்னா, யாரைப் பத்தி எழுதி வைக்கணும்னு அந்தந்தக் காலத்துல அதிகாரத்துல இருந்தவங்க முடிவு பண்ணினாங்க. தீத்தி மாதிரி ஆயிரக்கணக்கானவங்க கப்பல் ஏறினது நிஜம், ஒருத்தரும் அவங்க கதையைக் கேட்டு எழுதிக்கலைங்கிறதும் நிஜம்.

அதனால அடுத்த தடவை குரூப்ல யாராவது ஒரு நாவல் காட்சியை வரலாறுன்னு ஃபார்வர்ட் பண்ணினா, சண்டை போட வேண்டாம். "இதுக்குக் கல்வெட்டு இருக்கா, ஆசிரியரோட கற்பனையா?"ன்னு மட்டும் கேளுங்க. அதே மாதிரி யாராவது "இதெல்லாம் கற்பனை, படிச்சு என்ன பிரயோஜனம்?"னு கேட்டா, க்ராம்வெல் உயில்ல இருக்கிற அந்தக் கோட்டைப் பத்திச் சொல்லுங்க.

புத்தகம் எல்லாத்தையும் வாங்கணும்னு இல்லை. சென்னையில இருந்தா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில இருந்தா கலைஞர் நூற்றாண்டு நூலகம், ரெண்டுலயும் ஒரு தடவை தேடிப் பாருங்க. இந்த ஏழுல எதைப் படிச்சீங்க, எந்த ஊர், எந்தக் காலம் விட்டுப்போச்சுன்னு எழுதி அனுப்புங்க. உங்க பாட்டியோ தாத்தாவோ பர்மா, மலேயா, சிலோன்னு போய் வந்தவங்களா இருந்தா, புத்தகத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு மணி நேரம் உட்காருங்க. போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி வைச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.